அப்பாவின் டிரங்க் பெட்டி: அடித்தகடு புதிது, மூடி பழையது

அப்பாவின் பட்டாளத்துப் பெட்டி வேலை ஒருவழியாக முடிந்தது. அடித்தகடு புதிது. கீல்கள் முனகாமல் திரும்புகின்றன. ஐம்பது கிலோ பாரம் ஏற்றி, இருபுறக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாயிற்று. மூடியில் மட்டும் புதுப் பெயின்ட் ஒரு சொட்டுகூடப் படவில்லை. பார்க்க வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்: "இவ்வளவு பண்ணிட்டு மூடியை ஏன் அப்படியே விட்டுட்டே?" அதற்குப் பதிலாகவும், வீட்டில் இப்படியொரு பெட்டி துருப்பிடித்துக் கிடப்பவர்களுக்கு உதவட்டும் என்றும் வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். சீனப் போர் முடிந்த மறுவருடம், 1963-இல், பத்தொன்பது வயதில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மையத்தில் பயிற்சி. பாலம் போடுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது, இவைதான் சாப்பர் வேலை. இருபத்து நான்கு வருட சர்வீஸ் முடித்து 1987-இல் ஹவில்தாராக வெளியே வந்தார். அதன்பிறகு சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் காவலர். அந்தச் சம்பளத்தையும் பென்ஷனையும் வைத்து முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்டினார். கடைக்காலுக்குக் கம்பி கட்டும் நாளில் கொத்தனாரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவரே முடிச்சுப் போட்டார். 2022 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார்.

பெட்டி பயிற்சி முடித்ததும் பெங்களூரில் வாங்கியது. நீளம் 30 அங்குலம், அகலம் 18, உயரம் 13. 22 கேஜ் இரும்புத் தகடு, அதாவது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கறுப்பு எனாமல். முன்பக்கம் ஒரு கொண்டி, பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. பட்டாளத்துக்காரர் வீடுகளில் எல்லாரும் பார்த்திருக்கும் பெட்டிதான்.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூருக்குள் வந்த இரவில், அப்பா முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் மாடிக்கு ஏற்றினார். எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள், அம்மாவின் கூறைப்புடவை, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், வீட்டுப் பத்திரம். பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. காலியாகத் தண்ணீரில் விட்டுவிட்டார். வடிந்த பிறகு கழுவி வெயிலில் வைத்து உள்ளே ஒரு கோட் பெயின்ட் அடித்தார். அடிப்பக்கம் மடிப்புக்குள் போன சேறு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மறுபடியும் தண்ணீர். அந்தத் தடவை அப்பா இல்லை. தை பிறந்து பெட்டியை நகர்த்தியபோது அடித்தகடு தரையில் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டு நின்றது.

முதலில் செய்தது சேதத்தைக் கணக்கெடுப்பது. பெட்டியைக் கவிழ்த்து, மர உளியின் பின்பக்கத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு பொத்தென்று ஒலிக்கும். அடியில் மூன்றில் ஒரு பங்கு சல்லடை. பக்கத் தகடுகள் தரையிலிருந்து ஒன்றரை அங்குல உயரம் வரை மோசம், அதற்குமேல் திடம். மூடி நன்றாக இருந்தது. சாக்பீஸால் கெட்ட பகுதியைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் தகர வேலை செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். பீரோ, குதிர், கோயில் உண்டியல் எல்லாம் அவர் பட்டறையில் அடிப்பார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல செலவு பண்ணாதீங்க சார். இதே சைஸ்ல புதுசா ஒண்ணு அடிச்சுத் தர்றேன், மூவாயிரத்து இருநூறு ஆவும்" என்றார். நியாயமான விலைதான். இது எங்கப்பா மிலிட்டரியில் வைத்திருந்தது என்றதும், "அப்ப அடியைப் பூரா வெட்டிடலாம், மூடியை சாண்ட் பிளாஸ்டிங் குடுத்து புதுசா அடிச்சுடலாம்" என்றார். மணலை வேகமாகப் பீய்ச்சிப் பழைய பெயின்டை உரிப்பதுதான் சாண்ட் பிளாஸ்டிங். அந்த யோசனைக்குத் தலையாட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். பட்டறைக்குக் கொடுக்குமுன் மூடியை ஒருமுறை துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். அங்கேதான் வேலையின் போக்கே மாறியது.

மூடியின் மேல் வெள்ளையில் அப்பாவின் நம்பர், பெயர், கடைசி வரியில் தாம்பரம் என்று எழுதியிருக்கும். ரிட்டயர் ஆகி வந்தபோது ரயிலில் புக் செய்ய எழுதியது. பல வருடமாகப் பார்த்த எழுத்து. துடைக்கும்போது அந்த எழுத்துக்குக் கீழே, வெறும் கறுப்பாகத் தெரிகிற இடத்தில், கட்டைவிரலில் ஏதோ தட்டியது. மெல்லிய மேடு. ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சை மூடியோடு மூடியாகப் படுக்கவைத்து ஒளியைக் கிடைமட்டமாக விட்டேன். கறுப்புக்குள்ளிருந்து எழுத்துகள் நிழலோடு எழுந்துகொண்டன.

வேறொன்றுமில்லை. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பழைய எழுத்தின்மேல் கறுப்பு அடித்துவிட்டு, அதன்மேல் புதிதாக வெள்ளையில் எழுதியிருக்கிறார். வெள்ளை எனாமலைப் பிரஷில் தடிமனாக எழுதியதால், மேலே கறுப்பு அடித்தாலும் மேடு அமுங்கவில்லை. மேலிருந்து விளக்கைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், கிட்டத்தட்ட பத்து டிகிரி சாய்வில், விட்டால்தான் தெரியும். ஒரே கோணத்தில் எல்லா எழுத்தும் வராது என்பதால் நான்கு பக்கத்திலிருந்தும் விளக்கை விட்டு, செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, அசையாமல் தனித்தனியாகப் படம் எடுத்தோம். என் மகள் விளக்கைப் பிடித்தாள். படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு அடுக்கின் எழுத்தையும் அவளே பேப்பரில் வரைந்து பிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் எஸ்.பி.ஆர், அதாவது சாப்பர். அதற்கு மேல் எல்/என்.கே, லான்ஸ் நாயக், 56 ஏ.பி.ஓ, அதாவது ராணுவ அஞ்சலக எண். அதற்கு மேல் என்.கே, நாயக், 99 ஏ.பி.ஓ. அதற்கும் மேல் ஹவில்தார், மறுபடி 56. எல்லாவற்றுக்கும் மேலே பதவியே இல்லாமல் வெறும் பெயர், தாம்பரம்.

பட்டாளத்துக்குக் கடிதம் போட்டவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கும். ஊர் பெயர் எழுதக்கூடாது. யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ அல்லது 99 ஏ.பி.ஓ என்றும் மட்டும் எழுதவேண்டும். 99 என்றால் கிழக்குப் பக்கம். படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிவிட்டு, "தொண்ணூத்தி ஒம்போதுன்னா அசாம்ப்பா. உன் தங்கச்சி பொறந்தப்ப. ஏழு மாசக் குழந்தையாத்தான் அவளை வந்து பார்த்தார்" என்றார். தங்கை பிறந்தது 1974. ஆக நாயக் ஆனது அந்தக் காலம்.

லான்ஸ் நாயக் அடுக்கின் காலம் அப்பாவின் பதக்கங்களிலிருந்து கிடைத்தது. நம் ராணுவப் பதக்கங்களின் விளிம்பில் நம்பர், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். சங்கிராம் மெடல் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்: எல்/என்.கே. அது 1971 போருக்கானது. மேற்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பஸ்சிமி ஸ்டாரும் அப்பாவிடம் உண்டு. அப்படியானால் மூடியின் இரண்டாவது அடுக்கு எழுத்தோடுதான் பெட்டி அந்த டிசம்பரில் இருந்திருக்கிறது.

அந்த டிசம்பரைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் வேலையைப் பற்றித்தான். பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதி, பஸந்தர் ஆறு. 15-ஆம் தேதி இரவு ஆற்றுக்கு அப்பால் கண்ணிவெடி வயலில் டாங்கிகள் போக வழி எடுக்கவேண்டும். எடுத்த அகலத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போகவேண்டும். வழி முழுதாக எடுத்து முடிவதற்குள் எதிரி டாங்கிகள் வருகின்றன என்று செய்தி வந்து, 17 ஹார்ஸ் ரெஜிமென்டின் டாங்கிகள் மிச்சமிருந்த கண்ணிவெடி வயல் வழியாகவே அக்கரைக்குப் போயின. மறுநாள் அந்த ரெஜிமென்டில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் தன் டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு இறந்தார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அப்பா இதைச் சொல்லும்போது கையில் கற்பனை நாடாவைப் பிடித்து அளந்து காட்டுவார். "நாடா தொய்யக் கூடாது தம்பி. தொய்ஞ்சா பின்னாடி வர்றவன் காலை மாத்தி வச்சிருவான்." மகனையும் அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மெட்ராஸ் சாப்பர்களுக்கு ராணுவத்தில் பெயரே தம்பிதான். அவருக்கு அது வாயில் ஒட்டிக்கொண்டது.

சாண்ட் பிளாஸ்டிங் யோசனையை அன்றே கைவிட்டேன். மூடியின் படத்தைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பாயிடம் காட்டினேன். நேரம் எடுத்துப் பார்த்தார். "அப்ப மூடியைக் கழட்டவே வேணாம் சார். கீலைத் தொட்டா மூடி நெளியும். அடிக்கு உள்ளாற ஒரு தட்டு எறக்கிரலாம்" என்றார். வேலைக்கு வழி அவர் சொன்னதுதான்.

அதன்படி, பழைய அடித்தகட்டின் ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விட்டுவிட்டு நடுப்பகுதியைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். தடித்த கையுறை இல்லாமல் இதில் இறங்காதீர்கள். துருப்பிடித்த தகட்டின் விளிம்பு பிளேடு. விட்ட ஓரத்தையும் பக்கச்சுவரின் கீழ்ப்பகுதியையும் கம்பி பிரஷ், பிறகு 80, 120, 220 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தேய்த்தேன். மடிப்புக்குள் இருந்த சேற்றை மெல்லிய ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டுச் சுரண்டினால் 2015 வெள்ளத்தின் மண் பொடிப்பொடியாக வந்தது. காற்று அடிக்கும் பைப் கிடைத்தால் இந்த வேலை பாதியாகும்.

கொண்டி, கைப்பிடிகள், மூலைத்தகடுகள் இவற்றின் ரிவெட்டை டிரில்லால் தலைதட்டிக் கழற்றித் தனியாக எடுத்துக்கொண்டேன். முதலில் வினிகரில் ஊறப்போட்டேன். மேல்துரு போனது, குழிகளுக்குள் இருந்தது அசையவில்லை. அதனால் மின்சார முறைக்குப் போனேன். இருபது லிட்டர் பிளாஸ்டிக் வாளி, பதினைந்து லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய கார் பேட்டரி சார்ஜர், 12 வோல்ட். துருப்பிடித்த பாகத்துக்கு மைனஸ், கட்டட வேலையில் மிஞ்சிய 8 எம்.எம். கம்பித் துண்டுக்குப் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் பாகமே கரையும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. குமிழாக வருவது ஹைட்ரஜன் என்பதால் மொட்டைமாடியில் வைத்தேன். பிளஸ் பக்கம் எவர்சில்வர் கரண்டி எதையும் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். ராத்திரி முழுக்க ஓடிய பிறகு எடுத்தால் துரு கறுப்பு மாவாக மாறியிருக்கும். பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். கழுவிய உடனே சூடுகாட்டி உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால் அரைமணியில் புதுத்துரு மஞ்சளாகப் பூக்கிறது, நம்மூர்க் காற்று அப்படி.

இந்த முறையில் பழைய பெயின்டும் சேர்ந்து உரிந்துவிடும். பெயின்டைக் காப்பாற்ற வேண்டிய பாகத்தை வாளிக்குள் விடவே கூடாது.

புது அடி 22 கேஜ் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. நான்கு பக்கமும் ஓரங்குலம் மேல்நோக்கி மடிப்பு வைத்து, ஒரு தாம்பாளம் மாதிரி, பாயின் பட்டறையில் மடித்துக் கொடுத்தார். ஷீட் 620 ரூபாய், மடிப்புக் கூலி 300. உள் அளவைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைத்து மடித்தது நல்லதாயிற்று. அறுபது வருடத்துப் பெட்டி எந்த மூலையிலும் சரியான செங்கோணத்தில் இல்லை. உள்ளிருந்து இறக்கி, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி உட்காரவைத்து, இடையில் பாலியூரித்தேன் சீலன்ட் கொடுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அலுமினியம் பாப் ரிவெட் அடித்தேன். சுற்றளவு 96 அங்குலம், 48 ரிவெட். வெல்டிங் வைத்தால் என்ன என்று கேட்கலாம். இந்தக் கனத் தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை விழும், சூட்டில் தகடு அலை அலையாக நெளியும், சுற்றியுள்ள பழைய பெயின்ட் எரியும்.

பெயின்ட்தான் காலை வாரியது. வழக்கம்போல ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் கறுப்பு எனாமல் ஒரு கோட். இரண்டு வாரத்தில் நகத்தால் கீறினால் அடித்தட்டு முழுக்கப் பாளம் பாளமாக உரிந்தது. பக்கச்சுவரில் அதே பெயின்ட் பாறையாகப் பிடித்திருந்தது. காரணம் ஜி.ஐ. ஷீட்டின் துத்தநாகப் பூச்சு. எண்ணெய் சார்ந்த பெயின்ட் அதோடு ஒட்டாது. நாளடைவில் அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி உரிந்துவிடும். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, 220 உப்புத்தாளால் பளபளப்பை எடுத்து, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்கிற எட்ச் பிரைமர் மெல்லிசாக ஒரு கோட் அடித்தேன். அரை லிட்டர் 380 ரூபாய். அதன்மேல் எனாமல் அடித்தேன். ஆறு மாதமாகிறது, அசையவில்லை. ஜி.ஐ. என்றால் ரெட் ஆக்சைடைக் கையிலேயே எடுக்கவேண்டாம்.

வெளிப்பக்கச் சுவர்களுக்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கோட் கறுப்பு. பங்குனி வெயிலில் பிரஷை எடுப்பதற்குள் பெயின்ட் தோல் கட்டுகிறது. பத்தில் ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து, காலை ஆறு மணிக்கு அடித்து ஏழரைக்குள் முடித்தால் பிரஷ் கோடு விழவில்லை.

இனி மூடி. உரிந்துகொண்டிருந்த விளிம்புகளை நிறுத்தவேண்டும், எழுத்து மறையக்கூடாது. கிளியர் லாக்கர் அடிக்கலாம் என்று மூலையில் காலணா அளவு இடத்தில் தடவிப் பார்த்தேன். அதிலிருந்த தின்னர் பட்டதும் அப்பாவின் கறுப்பு எனாமல் சுருங்கிச் சுருக்கம் விழுந்தது. அத்தோடு லாக்கரை மூடிவைத்தேன். கடைசியில் கைகொடுத்தது தேன்மெழுகு. 100 கிராம் மெழுகு, 300 மில்லி டர்பன்டைன். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி மெழுகை உருக்கி, டர்பன்டைன் சேர்த்துக் கிளறினேன். தீ எரியும்போது டர்பன்டைனைப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ஆறினால் வெண்ணெய்ப் பதம். வேட்டித் துணியில் தொட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் தடவி, மறுநாள் மெதுவாகத் துடைத்தேன். கறுப்பு ஆழமாயிற்று. ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்த இடங்களில் எஸ்.பி.ஆர் எழுத்தின் பின்பாதி இப்போது டார்ச் இல்லாமலேயே தெரிகிறது.

மூடியின் உள்பக்கத்துக்கும் அதே மெழுகுதான் என்று நினைத்திருந்தேன். உள்ளே 2015-இல் அப்பா அடித்த பெயின்ட் அடியிலும் சுவரிலும் மட்டும் இருந்தது. மூடியின் உள்பக்கத்தை அவர் தொடவில்லை என்பதை, பெட்டிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போதுதான் கவனித்தேன். அங்கே சிவப்புக் கோடுகள். தூசியும் வண்டலும் படிந்து மங்கலாக இருந்ததை வெறும் தண்ணீர்ப் பஞ்சால் துடைத்ததும் தெளிந்தது. ஒரு வட்டம், அதற்குள் 2-6 என்று எழுத்து. அது அம்மாவின் வளையல் அளவு. பக்கத்தில் பாதங்கள். என் பாதம், தங்கையின் பாதம், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒவ்வொன்றின் குதிகாலடியில் மாதமும் வருடமும்.

வருட லீவுக்கு இரண்டு மாதம் வருவார். திரும்பிப் போகும் நாளில் எங்களை இந்த மூடிமேல் நிற்கவைத்து அளவெடுத்த ஞாபகம் எனக்கு உண்டு. மூடியைத் திறந்து தரையில் மல்லாத்திச் சாய்த்து, "ஆடாதே தம்பி" என்று கணுக்காலைப் பிடித்துக்கொள்வார். பென்சில் விரலிடுக்கில் வரும்போது கூசும். விளையாட்டுக்குச் செய்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: 1975 மே, என் பாதம் 18.4 சென்டிமீட்டர், தங்கையுடையது 11.8. அடுத்த லீவுக்கு வரும்போது கொண்டுவருகிற ஷூ எப்போதும் குதிகாலில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்கும், தீபாவளிக்குள் சரியாகிவிடும். ஒரு வருடத்தில் கால் எவ்வளவு வளரும் என்று முந்தைய வருடக் கோட்டையும் இந்த வருடக் கோட்டையும் பார்த்துத்தான் அவர் வாங்கியிருக்கிறார். அவ்வளவு தூரத்தில், பக்கத்தில் குழந்தை இல்லாமல், கடைக்காரரிடம் நூல் அளவைக் காட்டி வாங்கியிருப்பார். தங்கைக்குப் படத்தை அனுப்பினேன். அவள் பதில் எழுதவில்லை. மறுநாள் நேரிலேயே வந்தாள்.

இரண்டு வெள்ளத்திலும் அந்தக் கோடு அழியாததற்குக் காரணம் பென்சில். ராணுவ வரைபடத்தின் மேல் விரிக்கிற பிளாஸ்டிக் தாளில் எழுதும் மெழுகுப் பென்சில் அது. தண்ணீர் ஒன்றும் செய்யாது. டர்பன்டைன் செய்யும். தேதி இல்லாத ஒரு கோட்டின் நுனியில், காது குடையும் பஞ்சால் துளி டர்பன்டைன் தொட்டுப் பார்த்தேன், பஞ்சு சிவந்துவிட்டது. மேலே தடவிய மெழுகை உள்ளேயும் தடவியிருந்தால் ஒரே துடைப்பில் எல்லாம் போயிருக்கும். ஆகவே உள்மூடிக்குத் திரவம் எதுவும் இல்லை.

பதிலுக்கு 2 எம்.எம். அக்ரிலிக் ஷீட் ஒன்றைப் பாரிமுனையில் அளவுக்கு வெட்டி வாங்கிவந்தேன், 950 ரூபாய். அதை மூடியில் பொருத்த ஓட்டை போட மனம் வரவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்து எம்.எம். விட்டம், இரண்டு எம்.எம். கனத்தில் நியோடிமியம் காந்தம் ஒன்று 25 ரூபாய்க்குக் கிடைத்தது. பன்னிரண்டு வாங்கி, கோடு எதுவும் இல்லாத இடங்களில் வருமாறு அக்ரிலிக்கின் பின்புறம் பசை வைத்து ஒட்டினேன். மூடி இரும்பு என்பதால் கப்பென்று பிடித்துக்கொள்கிறது; காந்தத்தின் கனமே இடைவெளியாகி ஷீட் பென்சில் கோட்டைத் தொடாமல் நிற்கிறது. ஆனால் மூடியை நிமிர்த்தினால் ஷீட் மெல்லக் கீழே வழுக்கியது. காந்தம் இழுப்பைத் தாங்கும், வழுக்கலைத் தாங்காது. ஷீட்டின் நீளத்தைக் கூட்டி வெட்டி, கீழ் விளிம்பு கீல் பக்க மடிப்பின்மேல் உட்காரும்படி செய்ததும் நின்றுவிட்டது.

மிச்சம் கைப்பிடிகள். 2015-இல் பெட்டியை விட்டுவிட்டுப் போகவேண்டி வந்ததற்குக் காரணம் கனம் மட்டுமல்ல. ஒரு கைப்பிடியின் ரிவெட் அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. அப்பா போட்டுப் பழகிய, இரும்புப் பேனல்களைக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தில் ஒரு பேனல் பத்தடி நீளம், 260 கிலோ. ஆறு பேர் தூக்கவேண்டும். வீட்டில் பீரோ நகர்த்தினாலும், "தூக்குறதுக்கு முன்னால எங்க இறக்கப் போறோம்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்கவிடுவார். ரிவெட்டுக்குப் பதில் 6 எம்.எம். போல்ட், உள்பக்கம் மூன்றங்குல இரும்புப் பட்டை வைத்து பாரம் பரவுமாறு இறுக்கினேன். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை உள்ளே வைத்து, நானும் மகளும் தூக்கி, மாடிப்படித் திருப்பம் வரை ஏறி இறங்கினோம். தகடு உப்பவில்லை, போல்ட் அசையவில்லை. அடியில் இரண்டு தேக்குச் சட்டம் ஒன்றரை அங்குல உயரத்துக்கு. தரை ஈரம் இனி தகட்டைத் தொடாது.

மொத்தச் செலவு 4,300 ரூபாய். பாய் சொன்ன புதுப்பெட்டி விலையைவிட 1,100 அதிகம். ரிவெட் துப்பாக்கியும் டிரில்லும் இரவல். இன்னொரு பெட்டிக்கு இதையே செய்தால் சிலவற்றை மாற்றுவேன். எட்ச் பிரைமரை முதலிலேயே வாங்குவேன். துணியால் துடைக்குமுன், தண்ணீர் தொடுமுன், எல்லாப் பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுப்பேன்; உள்மூடியை முதல் நாளே பார்ப்பேன். ஜி.ஐ. அடித்தட்டை ஓரங்குலத்துக்குப் பதில் இரண்டங்குல மடிப்பாக வைப்பேன், பக்கச்சுவரின் பலவீனமான பகுதி முழுதும் உள்ளிருந்து முட்டுப் பெறும்.

இப்போது உள்ளே அம்மா பழையபடி பத்திரங்களையும் கூறைப்புடவையையும் அடுக்கிவிட்டார். பதக்கங்களைப் பாலிஷ் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். அவற்றின் நாடா நைந்துவிட்டது, 32 எம்.எம். அகலத்தில் புது நாடா தேடிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும். வரும் ஞாயிறு தங்கை தன் பேரனைக் கூட்டிவருகிறாள். அவனுக்கு ஒன்றரை வயது. அக்ரிலிக்கை ஒரு பக்கம் நகர்த்தினால் அவன் பாதத்துக்கு உள்மூடியில் இடம் இருக்கிறது. மெழுகுப் பென்சில் வாங்கி வைத்துவிட்டேன்.